19 பிள்ளைகள் எழுதிய 2640

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் 11 வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறேன். வயது 37. வேலை செய்துகொண்டே கல்விமாணி முடித்தேன், போன வருடம் கல்வி முதுமாணியும் முடிந்தது. கல்விக் கணிப்பீடு, மதிப்பீடு என்ற துறையில் கலாநிதிப் பட்டம் செய்ய ஆசை. 'மலையக மாணவர்களின் கணித அடைவு மட்டத்தைப் பாதிக்கும் காரணிகள்' என்று தலைப்பும் யோசித்து வைத்திருக்கிறேன். ஆங்கிலம் வாசிப்பேன், எழுதத்தான் பயம். எங்கே பதிவது? வேலையோடு செய்ய முடியுமா? "இந்த வயசுல இது எதுக்கு டீச்சர்?" என்று எங்கள் அதிபரே கேட்கிறார். 9 வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

பி.கு.: போன தவணைப் பரீட்சையில் தரம் 9க்கு ஒரு கணக்கு வந்தது. 'ரூ. 2400 விலை குறிக்கப்பட்ட சேலைக்கு 10% கழிவு வழங்கப்படுகிறது. வாங்குபவர் செலுத்த வேண்டிய பணம் எவ்வளவு?' என்று. வகுப்பில் 34 பேர். 19 பேர் 2640 என்று எழுதியிருந்தார்கள். அடுத்த நாள் "கடைக்காரர் நூற்றுக்குப் பத்து ரூபா குறைச்சுக் குடுக்கிறார்" என்று சொல்லிக் கேட்டேன். 29 பேர் 2160 என்றார்கள். சிரிப்பாகவும் இருந்தது, கவலையாகவும் இருந்தது.

பதில்: அன்பின் டீச்சருக்கு,

உங்கள் தலைப்பை வாசித்ததும் பெருமூச்சுத்தான் வந்தது. மன்னியுங்கள். 'அடைவு மட்டத்தைப் பாதிக்கும் காரணிகள்: இன்ன வலயத்தை மையமாகக் கொண்ட ஓர் ஆய்வு' என்ற தலைப்பில் எத்தனை ஆய்வேடுகளைத் திருத்தியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. முடிவும் மனப்பாடம்: பெற்றோரின் வறுமை, ஆசிரியர் பற்றாக்குறை, லயத்துக் காம்பராவில் படிக்க இடமில்லை, பிள்ளை ஒழுங்காக வருவதில்லை. பொய் ஒன்றும் இல்லை. ஆனால் காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்களத்தில் நிற்கிற எவரைக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவார். அதற்கு ஐந்து வருடமும் ஒரு பட்டமும் எதற்கு?

அந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் ஒரு பொருளை மட்டும் யாரும் தொடுவதில்லை. 'அடைவு மட்டம்' என்ற அந்தப் புள்ளியைத்தான் சொல்கிறேன். தவணைப் பரீட்சையில் பிள்ளை 34 எடுத்தால் அவளுடைய கணித அறிவு 34 என்று வைத்துக்கொண்டு மேலே போய்விடுகிறோம். நீளத்தைப் பற்றி நூறு பக்கம் எழுதுகிறோம், அடிக்கோல் நேரா கோணலா என்று பார்ப்பதே இல்லை.

நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் கலாநிதி ஆய்வு தலைப்பில் இல்லை, பின்குறிப்பில் இருக்கிறது.

அந்த 2640ஐ எடுங்கள். வீதக் கணக்கு தெரியாத பிள்ளைகள் என்றால் பிழைகள் சிதறிக் கிடக்கும். ஒருத்தி 240 என்பாள், ஒருவன் 2390 என்பான், இன்னொருவன் வெறுமையாக விடுவான். 19 பேர் ஒரே பிழையில் வந்து நிற்கிறார்கள் என்றால் 19 பேரும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். 2400இன் 10% 240 என்பதைச் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். பிறகு அதைக் கழிக்காமல் கூட்டியிருக்கிறார்கள். ஏன்? தோட்டத்துப் பிள்ளைக்குக் 'கழிவு' என்ற சொல் எங்கே முதலில் காதில் விழுகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஹட்டன் புடவைக் கடை விளம்பரத்தில் அல்ல. கொழுந்து நிறுக்கிற இடத்தில்.

என் அம்மா தலவாக்கலைப் பக்கம் கொழுந்து எடுத்தவர். பின்னேர நிறுவைக்கு நான் தேத்தண்ணிப் போத்தலோடு போய் நிற்பேன். கணக்கப்பிள்ளை சாக்கைக் கொளுவுவார், முள் ஓடி நிற்கும், எண்ணைச் சத்தமாகச் சொல்வார். உடனே இன்னொரு எண்: சாக்குக்கு இரண்டு கிலோ கழிவு. மழை நாளென்றால் ஈரத்துக்கு இன்னும் ஒன்று. வீட்டில் கழிவு என்றால் நம்மிடமிருந்து பிடிப்பது, நமக்கு நட்டம். அந்தப் பிள்ளை 'சேலைக்கு 10% கழிவு' என்று வாசித்ததும் வாங்குகிறவருக்கு நட்டம் என்று எடுத்துக்கொண்டால், 2640 முட்டாள்தனமான விடை அல்ல. தனக்குத் தெரிந்த உலகத்தில் அவள் கணக்கைச் சரியாகவே செய்திருக்கிறாள்.

இது என் ஊகம், அவ்வளவுதான். ஆய்வு இங்கிருந்துதான் தொடங்குகிறது, ஏனென்றால் உங்கள் இரண்டாம் நாள் பரிசோதனையில் மூன்று விஷயங்கள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. சொல்லை மாற்றினீர்கள். வாசிக்கக் கொடுத்ததை வாயால் சொன்னீர்கள். அதே கணக்கை இரண்டாம் தடவை கேட்டீர்கள், இடையில் ஓர் இரவு போயிருக்கிறது, பிள்ளைகள் தங்களுக்குள் பேசியும் இருப்பார்கள். 29 பேர் சரியாகச் சொன்னதற்கு இந்த மூன்றில் எது காரணம்? இப்போது உங்களால் சொல்ல முடியாது. அதைப் பிரித்துக் காட்டுகிற மாதிரி ஒரு பரிசோதனையை அமைக்கத் தெரிவதுதான் இந்தத் துறையின் முதல் பாடம்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வாய்மொழித் தேர்வில் கட்டாயம் யாராவது கேட்பார்கள்: "கழிவு பாடப்புத்தகத்தில் உள்ள கலைச்சொல்தானே? அதைத் தெரிந்திருப்பதும் கணித அறிவில் சேர்த்திதானே? பிறகு வினாவில் என்ன குறை?" நியாயமான கேள்வி. வீதத்தைப் பிரயோகிக்கத் தெரியுமா என்று பார்ப்பது நோக்கம் என்றால் சொல் குறுக்கே நிற்கிறது. வணிகக் கணிதச் சொற்கள் தெரியுமா என்று பார்ப்பது நோக்கம் என்றால் 19 பேருக்கும் உண்மையாகவே தெரியவில்லை, வினா தன் வேலையைச் செய்திருக்கிறது. ஒரே வினா, ஒரே விடைத்தாள். புள்ளியை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்து அது செல்லும் அல்லது செல்லாது. ஏற்புடைமை என்று நாம் படித்தது இதைத்தான். அது வினாத்தாளுக்குள் இருக்கிற குணமல்ல, அந்தப் புள்ளியை வைத்து நாம் செய்கிற முடிவுக்கு உரியது. அளவீட்டு அறிஞர் சாமுவேல் மெசிக் 1989இல் இதை வற்புறுத்தி எழுதினார். நம் முதுமாணி விரிவுரைக் குறிப்புகளில் இன்னும் 'அளக்க வேண்டியதை அளப்பது ஏற்புடைமை' என்ற ஒற்றை வரிதான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நம்பகத்தன்மை வேறு. அம்மாவின் தராசு நல்ல தராசு. ஒரே சாக்கை மூன்று தரம் கொளுவினாலும் ஒரே எண்தான் காட்டும். ஆனால் துண்டில் எழுதப்பட்ட கிலோ அம்மா எடுத்த கிலோ அல்ல. குரோன்பாக் 1951இல் எழுதிய அல்பா என்ற எண், திரும்பத் திரும்ப ஒரே விடை வருமா என்ற இந்த முதல் விஷயத்தைப் பற்றித்தான் பேசுகிறது, அதுவும் ஓரளவுக்கு. 'அல்பா 0.82, ஆகவே கருவி நம்பகமானதும் ஏற்புடையதுமாகும்' என்று உங்கள் முதுமாணி ஆய்வேட்டில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெட்கப்பட வேண்டாம், என்னுடையதிலும் இருந்தது.

தராசை இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொள்வோம். எல்லோருக்கும் அதே இரண்டு கிலோ பிடித்தால் எல்லோருக்கும் நட்டம், ஆனால் யார் கூட எடுத்தார் என்ற வரிசை மாறாது. தோட்டத்தின் கீழ்ப் பிரிவுக்காரருக்கு மட்டும் பிடித்தால்? பரீட்சையில் இதைக் கண்டுபிடிக்க ஒரு முறை உண்டு. இரண்டு குழுப் பிள்ளைகளை எடுக்கிறோம், ஹட்டன் வலயத்துத் தமிழ்மொழிப் பிள்ளைகளும் யாழ்ப்பாண நகரத்துத் தமிழ்மொழிப் பிள்ளைகளும் என்று வையுங்கள். மொத்தப் புள்ளி சமமாக இருப்பவர்களை மட்டும் ஒருவரோடொருவர் ஒப்பிடுகிறோம். மொத்தத்தில் சமமாக நிற்கிற பிள்ளைகளில் ஒரு குழு, குறிப்பிட்ட ஒரு வினாவில் மட்டும் திரும்பத் திரும்பச் சறுக்கினால் அந்த வினா இரண்டு குழுவுக்கும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. மான்டெல்–ஹென்செல் என்ற கணிப்பு இதற்குப் பழக்கமானது. 1959இல் மருத்துவ ஆய்வுக்காக எழுதப்பட்டது, 1980களில் பரீட்சை ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். குழுவுக்கு இருநூறு பிள்ளைகளாவது இருந்தால்தான் பேச்சு, உங்கள் 34 போதாது. கணிப்பு காட்டுவது வேறுபாட்டை மட்டுந்தான். அது அநியாயமா என்று தீர்மானிக்க மறுபடியும் அந்தச் சேலைக் கணக்குக்குத்தான் வரவேண்டும், பிள்ளையை உட்காரவைத்து "எப்படி யோசிச்ச, சொல்லு" என்று கேட்க வேண்டும். எண்ணும் பேச்சும் இரண்டும் வேண்டிய ஆய்வு இது.

சிங்கள வினாத்தாளும் தமிழ் வினாத்தாளும் ஒத்துப்போகின்றனவா என்று கேட்பது எல்லோருக்கும் தோன்றுகிற கேள்வி. தமிழுக்கும் தமிழுக்கும் இடையிலேயே கோடு கோணலாக இருக்கலாம் என்பது தோட்டத்தில் படிப்பிக்கிற உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. ஒருமுறை ஒரு மாதிரி வினாத்தாளில் 'ஒரு கடகத்தில் 24 பனங்கிழங்கு' என்று வந்து, எங்கள் பிள்ளை ஒருத்தி கை தூக்கி "சேர், கடகம்னா நண்டுதானே?" என்று கேட்டாள். வடக்கில் கடகம் என்றால் பனையோலைப் பெட்டி, இவள் ராசி பலன் வாசிக்கிற வீட்டுப் பிள்ளை.

'இதனால் யாருக்கு என்ன பிரயோசனம்?' என்று அதிபர் அடுத்துக் கேட்பார். 2011 உயர்தரப் பரீட்சையை ஞாபகப்படுத்துங்கள். பழைய பாடத்திட்டத்தில் ஒரு கூட்டம், புதியதில் ஒரு கூட்டம், இரண்டையும் சேர்த்துப் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியைக் கணித்தார்கள். இசட் புள்ளியின் உயிரே 'இந்தப் பிள்ளை தன் கூட்டத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம்' என்பதுதான். ஒரு பாடத்தில் சராசரி 50, நியம விலகல் (புள்ளிகள் சராசரியைச் சுற்றிச் சிதறியிருக்கிற அளவு) 12 என்றால் 62க்கு இசட் 1.0. சராசரி 38, விலகல் 16 உள்ள பாடத்தில் அதே 62க்கு 1.5. கூட்டம் எது என்று குழப்பினால் எல்லாமே குழம்பும். விஷயம் உயர் நீதிமன்றம் வரை போய் 2012இல் அந்தப் புள்ளிகள் செல்லாதென்று ஆகி மறுபடி கணிக்க வேண்டி வந்தது. அந்த மாதங்களில் தமக்கு இடம் கிடைத்ததா இல்லையா என்று தெரியாமல் திரிந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

நமக்குக் கிட்டிய விஷயம் இன்னொன்று. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40% தேசியத் திறமை, 55% மாவட்டம், 5% பின்தங்கிய மாவட்டங்கள் என்று பிரிக்கிறார்கள். நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு. எங்களுக்கு அதுவே பாதுகாப்பு என்று நினைக்கிறோம். ஆனால் மாவட்டக் கோட்டாவுக்குள் மொழிவாரிப் பிரிவு கிடையாது. நுவரெலியா மாவட்டத்துக்குள் சிங்களமொழி, தமிழ்மொழிப் பிள்ளைகள் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். தமிழ் வினாத்தாளில் ஒரு வினா சொல்லால் கனத்தால் அந்த நட்டத்தை எந்தக் கோட்டாவும் ஈடுசெய்யாது. (பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளை மொழிவாரியாகத் திருத்தப் போன 1970களின் கதை தெரியுமல்லவா. 'தரப்படுத்தல்' புள்ளிவிபரவியலில் ஒரு சாதாரணச் சொல், வடக்கில் இன்னும் ஆறாத காயம். இந்தத் துறையில் இறங்குகிறவர் இரண்டையும் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.)

இனி நீங்கள் நேராகக் கேட்டவை.

பதிவு: இலங்கையில் இந்தத் துறைப் பெயரிலேயே பட்டத்தைத் தேடி அலையாதீர்கள். பட்டம் பெரும்பாலும் 'கல்வியியல்' என்றுதான் இருக்கும். கணிப்பீடு என்பது உங்கள் தலைப்பிலும் மேற்பார்வையாளரிலும் இருக்க வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடத்தைக் கட்டாயம் பாருங்கள். தரம் 4, தரம் 8 தேசிய அடைவுக் கணிப்பீடுகளைச் செய்த தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையம் அங்கேதான் இருக்கிறது. உங்களுக்குக் கிட்டத்தில் பேராதனை. திறந்த பல்கலைக்கழகத்துக்கும் கல்விப் பீடம் உண்டு, யாழ்ப்பாணத்தில் கல்வியியல் துறை உண்டு. விண்ணப்பிக்க முன் உங்கள் முதுமாணிச் சான்றிதழை எடுத்து, பட்டங்களை மட்டம் மட்டமாக அடுக்குகிற இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் அது எந்த மட்டம் என்று பாருங்கள். பாடநெறி மட்டும் உள்ள முதுமாணி 9, ஆய்வுப் பகுதியும் சேர்ந்தது 10, முதுதத்துவமாணி 11, கலாநிதி 12. உங்களுடையது 9 என்றால், முதலில் முதுதத்துவமாணிக்குப் பதிந்து, வேலை நன்றாகப் போனால் கலாநிதிக்கு மாறும்படி சொல்லக்கூடும். அதைத் தோல்வியாக எடுக்க வேண்டாம், அளவீட்டுப் புள்ளிவிபரவியலைப் படிக்க அந்த இரண்டு வருடம் உங்களுக்கு வேண்டும்.

வெளிநாடு என்றால் கொமன்வெல்த் புலமைப்பரிசில் போன்றவற்றைப் பார்க்கலாம். மகளுக்கு 9 வயது என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த முடிவு உங்கள் வீட்டுக்குரியது. நான் சொல்லக்கூடியது, உங்கள் ஆய்வுக்கு வேண்டிய பிள்ளைகள் பொகவந்தலாவையில் இருக்கிறார்கள் என்பதுதான்.

மேற்பார்வையாளர்: பல்கலைக்கழகத்தை விட இது முக்கியம். பெரிய பெயரைப் பிடித்துப் போன எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் முதல் மேற்பார்வையாளர் ஓர் அத்தியாயத்தை ஏழு மாதம் வைத்திருந்து, இரண்டு காற்புள்ளியைத் திருத்தித் திருப்பித் தந்தார். நீங்கள் போனால் மூன்று விஷயம் கேளுங்கள். வினாவாரித் தரவை வைத்து எப்போதாவது வேலை செய்திருக்கிறீர்களா? இப்போது எத்தனை பேரை மேற்பார்க்கிறீர்கள்? ஆய்வேட்டைத் தமிழில் எழுத விடுவீர்களா? மூன்றாவதுக்குப் பல்கலைக்கழகத்திடமிருந்தும் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பிப் பதிந்து, பிறகு எழுதிய நான்கு அத்தியாயத்தை மொழிபெயர்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலம்: தமிழில் எழுதினாலும் வாசிப்பு முழுக்க ஆங்கிலத்தில்தான், அதற்குத் தப்ப வழியில்லை. நல்ல செய்தி, இந்தத் துறை ஆங்கிலம் வறண்ட ஆங்கிலம். அதே இருநூறு, முந்நூறு சொல் திரும்பத் திரும்ப வரும், பாதிப் பக்கம் கணிதக் குறியீடு. கணித டீச்சருக்கு அது கஷ்டமில்லை. புள்ளிவிபரத்துக்கு 'ஆர்' என்ற மென்பொருள் இலவசம், சாதாரண மடிக்கணினியில் ஓடும். டென்மார்க்கின் கெயோர்க் ராஷ் 1960இல் தந்த கணித மாதிரியிலிருந்து தொடங்குங்கள். பிள்ளையின் ஆற்றலையும் வினாவின் கடினத்தையும் ஒரே ஏணியில் வைக்கிறது அது. இரண்டும் ஒரே படியில் நின்றால் சரியாகச் செய்ய வாய்ப்பு சரிபாதி. பிடித்துப்போகும்.

வேலையோடு செய்யலாமா என்றால், செய்யலாம். சட்டகப்படி முழுநேரமாகவே குறைந்தது மூன்று வருடம். பகுதிநேரமாக ஐந்து, ஆறு என்று மனதை வைத்துக்கொள்ளுங்கள். கற்கை விடுமுறை கேட்பதென்றால் வலயக் கல்வி அலுவலகத்தில் யாரோ சொன்னதைக் கேட்காமல், ஆசிரியர் சேவைப் பிரமாணக் குறிப்பையும் தாபன விதிக்கோவையையும் நீங்களே வாசியுங்கள். விடுமுறைக்குப் பிறகு கட்டாயம் வேலை செய்ய வேண்டிய காலம் பிணை முறியில் எத்தனை வருடம் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். சம்பளம் கூடும் என்று நினைத்துச் செய்வதானால் வேண்டாம், கல்வி நிர்வாக சேவைப் பரீட்சைக்குப் படிப்பது கெட்டிக்காரத்தனம். 37ஐப் பற்றி அதிபர் சொன்னதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை. 25 வயதில் பதிந்திருந்தால் அந்த 19 விடைத்தாள்களை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள்.

ஓர் எச்சரிக்கை. உங்கள் வகுப்புப் பிள்ளைகளையே ஆய்வுக்கு எடுப்பது வசதி, ஆனால் "மிஸ் கேக்கிறாங்க" என்றால் எந்தப் பிள்ளையும் மாட்டேன் என்று சொல்லாது. முன்னோட்டத்துக்கு மட்டும் அவர்கள், உண்மையான தரவு வேறு பாடசாலைகளில். ஆய்வு ஒழுக்கக் குழுவின் அனுமதியும் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் அனுமதியும் வந்த பிறகே தொடங்குங்கள். பெற்றோரின் சம்மதப் படிவத்தைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பாதீர்கள். எங்கள் சனம் தோட்டத் துரை காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுப் பழகிய சனம், வாசிக்காமலே போட்டு அனுப்பிவிடும். ஒரு ஞாயிறு லயத்துக்குப் போய் வாயால் சொல்லிக் கேளுங்கள். யாராவது ஒருவர் "வேணாம் டீச்சர்" என்றால் நீங்கள் ஒழுங்காக விளங்கப்படுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இப்போதைக்கு இரண்டு வேலை. பரீட்சைத் திணைக்களத்தின் ஆராய்ச்சி அபிவிருத்திக் கிளை சாதாரண தரப் பெறுபேறுகளைப் பற்றி மதிப்பீட்டு அறிக்கைகள் வெளியிட்டிருக்கிறது, தமிழிலும் உண்டு. கணித அறிக்கை ஒன்றை எடுத்து, எந்த வினாவை எத்தனை வீதமானோர் சரியாகச் செய்தார்கள் என்பதை வரிவரியாகப் பாருங்கள். எங்கே உங்கள் மனம் 'இது கணக்கால் போனதில்லை, சொல்லால் போனது' என்கிறதோ அங்கே பென்சிலால் குறியுங்கள்.

மற்றது, வீதக் கணக்கு ஒன்றைப் புதிதாக எழுதி நான்கு வகையாக ஆக்குங்கள்: 'கழிவு' என்று எழுத்தில், 'குறைத்துக் கொடுக்கிறார்' என்று எழுத்தில், அதே இரண்டும் வாயால். பக்கத்துப் பாடசாலையில் தரம் 9 படிப்பிக்கிற தெரிந்த டீச்சர் ஒருவரிடம் அதிபரின் அனுமதியோடு கொடுத்து, சீட்டுக் குலுக்கிப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். வாயால் கேட்கிற பாதியை வேறு அறையில் இருத்த வேண்டும். ஒரு பிள்ளைக்கு ஒரு வகைதான், ஒரு தடவைதான். பெயர் எழுத வேண்டாம், புள்ளிப் பதிவேட்டிலும் சேர்க்க வேண்டாம். ஆய்வேட்டில் போடவும் இது இல்லை, நீங்கள் பழகிக்கொள்ள மட்டும்.

பழைய அந்த 19 விடைத்தாள்களையும் இன்னும் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுக்கவில்லை என்றால் படம் எடுத்து வையுங்கள், பெயரை மறைத்து. ஓரத்தில் கூட்டிக் கழித்த கிறுக்கல் இருந்தால் அதுவும் படத்தில் விழட்டும். அடுத்த கடிதத்தோடு அனுப்புங்கள், 2640 எப்படி வந்தது என்று சேர்ந்து பார்ப்போம்.